யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காத பெண்: கெரி பக்கின் வாழ்க்கை

2006ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களில் ஒரு பகுதியினர் கட்டைபறிச்சான் முகாமில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். நெருக்கமான கொட்டில்கள், பொதுக் கிணறு, பொது மலசலகூடம் என்று கழிந்த அந்த வாழ்க்கையில் பெண் பிள்ளை வைத்திருந்த தாய்மாருக்கு நிம்மதி என்பது இருக்கவில்லை. அந்தப் பிள்ளை அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையாக இருந்தால் பயம் இன்னும் கூடுதல்.

சொந்தக் காணிக்குத் திரும்பிய பின்னரும் இப்படியான பயம் லேசில் போய்விடுவதில்லை. பிள்ளை பெரியபிள்ளையானதும் கேள்விகள் வரிசையாக வரும். வீட்டை விட்டு வெளியே அனுப்பலாமா? மாதவிடாயை எப்படிச் சமாளிப்பது? யாராவது ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இத்தனை கேள்விகளுக்கும் நடுவே, இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்தால் என்ன என்ற கேள்வி மட்டும் எழுவது குறைவு.

இந்தக் கேள்விகளோடு வாழும் குடும்பங்கள் கெரி பக் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையை அறிந்திருக்க வேண்டும். அவருடைய பெயரில் அமைந்த வழக்கு உலகெங்கும் சட்டக் கல்வியில் பேசப்படுகிறது. ஆனால் அந்த வழக்கு நடந்தபோது அவருடைய விருப்பத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

கெரி பக் 1906ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஐக்கிய அமெரிக்காவின் வெர்ஜினியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரில் பிறந்தார். தாய் எம்மா பக் பரம ஏழை. கணவரின் துணையில்லாமல் பிள்ளைகளை வளர்க்க அவரால் முடியவில்லை. கெரி சிறு குழந்தையாக இருந்தபோதே டொப்ஸ் என்ற குடும்பத்திடம் வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டார். தாய் எம்மா ஒழுக்கக்கேடானவர், புத்தி குறைந்தவர் என்று முத்திரை குத்தப்பட்டு 1920இல் லிஞ்ச்பர்க் நகருக்கு அருகிலிருந்த அரச விடுதியொன்றில் அடைக்கப்பட்டார். வலிப்பு நோயாளிகளையும் புத்தி குறைந்தவர்கள் எனக் கருதப்பட்டவர்களையும் அடைத்து வைப்பதற்காகவே கட்டப்பட்ட இடம் அது.

கெரி பாடசாலையில் சாதாரணமாகவே படித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் தேறினார். பாடத்திலும் நடத்தையிலும் நல்ல பிள்ளை என்றே ஆசிரியர் பதிவேட்டில் எழுதியிருந்தார். ஆறாம் வகுப்போடு டொப்ஸ் குடும்பம் அவரைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியது. வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அயல் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். உடல் பற்றியோ, ஆண் பெண் உறவு பற்றியோ, தனக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது பற்றியோ அப்படியொரு பிள்ளைக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

1923ஆம் ஆண்டு வளர்ப்புத் தாய் வீட்டில் இல்லாத நேரத்தில், அவருடைய உறவினரான இளைஞர் ஒருவர் கெரியைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினார். அப்போது கெரிக்கு 17 வயது. அவர் கர்ப்பமானார். இது வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று வளர்ப்புக் குடும்பம் பயந்தது. குற்றம் செய்தவரை யாரும் விசாரிக்கவில்லை. கெரி புத்தி குறைந்தவர், ஒழுக்கம் கெட்டவர், இனி வைத்திருக்க முடியாது என்று நீதிமன்றில் மனுக் கொடுத்தார்கள். 1924 மார்ச் 28ஆம் திகதி விவியன் என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை டொப்ஸ் குடும்பம் வைத்துக்கொண்டது. கெரி ஜூன் மாதத்தில் தாய் இருந்த அதே விடுதிக்கு அனுப்பப்பட்டார்.

குழந்தை பிறப்பதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர்தான் வெர்ஜினியாவில் ஒரு புதிய சட்டம் நிறைவேறியிருந்தது. அரச விடுதிகளில் இருப்பவர்களில் புத்தி குறைந்தவர்கள் எனத் தீர்மானிக்கப்படுவோருக்கு, அவர்கள் விரும்பாவிட்டாலும், பிள்ளை பெற முடியாதபடி சத்திரசிகிச்சை செய்ய அந்தச் சட்டம் இடமளித்தது. இந்தக் குறைபாடு பரம்பரையாகத் தொடர்கிறது, அதை இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்பது அன்று படித்தவர்களும் நம்பிய கொள்கை. இன மேம்பாடு என்று அதற்கு ஓர் அழகான பெயரும் இருந்தது.

சட்டம் நீதிமன்றத்தில் நிலைக்குமா என்று பார்ப்பதற்கு விடுதிப் பொறுப்பாளரான வைத்தியர் அல்பேர்ட் பிரிடிக்கு ஒரு வழக்குத் தேவைப்பட்டது. அவர் கெரியைத் தெரிவு செய்தார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையையும் காட்டலாம் என்பதே காரணம். கெரிக்காக வாதாட நியமிக்கப்பட்ட சட்டத்தரணி முன்பு அதே விடுதியின் நிர்வாக சபையில் இருந்தவர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் நெருங்கிய நண்பர். கெரிக்காக அவர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. பாடசாலைப் பதிவேட்டையும் அவர் முன்வைக்கவில்லை. ஹரி லாஃப்லின் என்ற நிபுணர் கெரியைக் கண்ணாலும் காணாமல் எழுத்தில் சாட்சியம் கொடுத்தார். ஏழெட்டு மாதக் குழந்தையான விவியனின் பார்வை ஏதோ சரியில்லை என்று ஒரு சமூக சேவையாளர் சொன்னதும் சாட்சியமாகியது. கெரிக்கு நடந்த வல்லுறவு மட்டும் வழக்கில் பேசப்படவேயில்லை.

வழக்கு மேன்முறையீடாகி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927 மே 2ஆம் திகதி எட்டு நீதியரசர்கள் சட்டம் சரியென்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். தீர்ப்பை எழுதியவர் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். அமெரிக்கா இன்றும் தன் பெரிய நீதியரசர்களில் ஒருவராகக் கொண்டாடும் மனிதர். கட்டாயத் தடுப்பூசி போட அரசுக்கு உரிமை இருப்பதைப் போல இதற்கும் உரிமை உண்டு என்பது அவருடைய வாதம். அதே வருடம் ஒக்டோபர் 19ஆம் திகதி, பிரிடி இறந்த பின் பொறுப்பேற்ற வைத்தியர் ஜோன் பெல் கெரிக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவருக்கு அப்போது 21 வயது. ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று மட்டுமே தனக்குச் சொல்லப்பட்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கெரியின் தங்கை டோரிஸுக்கும் அதே விடுதியில் அதே சத்திரசிகிச்சை நடந்தது. குடல்வால் அகற்றுவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். டோரிஸ் பின்னர் திருமணம் செய்தார். பிள்ளைக்காகப் பல வருடங்கள் ஏங்கினார். உண்மை அவருக்குத் தெரிய வந்தபோது முதுமையை எட்டியிருந்தார். ஏறக்குறைய 50 வருடம் தன் உடலுக்கு என்ன நடந்தது என்பது தெரியாமலே ஒரு பெண் வாழ்ந்திருக்கிறார்.

விவியன் பாடசாலைக்குப் போனாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவளுடைய பெயரும் ஒரு தவணை இடம்பிடித்தது. 1932இல், எட்டு வயதில், குடல் நோயால் இறந்துபோனாள். அதே வருடத்தில் கெரி திருமணம் செய்தார். முதல் கணவர் இறந்த பின், 1965இல் இரண்டாவது திருமணம் செய்தார். தேவாலயத்தில் பாடினார், பத்திரிகை வாசித்தார், முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்தார். முதுமையில் அவரைச் சந்தித்த ஆய்வாளர்கள் எவருக்கும் அவரிடம் அறிவுக் குறைபாடு எதுவும் தென்படவில்லை. 1983 ஜனவரி 28ஆம் திகதி காலமானார். சார்லட்ஸ்வில்லில், மகள் விவியன் புதைக்கப்பட்ட அதே மயானத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தத் தீர்ப்பின் நிழலில் வெர்ஜினியாவில் சுமார் 8,000 பேருக்கும், அமெரிக்கா முழுவதும் 60,000 பேருக்கு மேலாகவும் இதே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 1933இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டம் உதவியது. அங்கே சுமார் 4 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். வெர்ஜினியா தன் சட்டத்தை 1974இல் நீக்கியது. தீர்ப்பு வந்து சரியாக 75 வருடங்கள் கழித்து, 2002 மே 2ஆம் திகதி, அந்த மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார்.

கெரி உண்மையில் அறிவுக் குறைபாடு உள்ளவர் அல்ல, அதனால்தான் அது அநீதி என்று பலர் இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அவர் உண்மையிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவராக இருந்திருந்தாலும் அது அநீதிதான். அவருக்கு ஆபத்து வந்தது அவருடைய கர்ப்பப்பையால் அல்ல, வீட்டுக்குள் வந்துபோன ஓர் ஆணால். சத்திரசிகிச்சை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், வல்லுறவைத் தடுக்காது. கர்ப்பமும் ஏற்படாது என்றால், நடந்தது வெளியே தெரியவரும் வழியும் அடைபட்டுப் போகும். குற்றவாளிக்கு அதைவிட வசதி வேறென்ன?

இது தூரத்து நாட்டின் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. இந்தியாவில் மகாராஷ்டிராவின் சிரூர் அரச இல்லத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைப் பேண முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, 1994இல் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. பெண்கள் அமைப்புகள் போராடின. 2009இல் சண்டிகார் அரச இல்லமொன்றில் வல்லுறவால் கர்ப்பமான இப்படியான பெண்ணின் வழக்கில், அவருடைய சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையில் 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, மனத்தாலோ உடலாலோ வலுவிழந்த பெண் மீதான வல்லுறவுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. கருவளத்தைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமையும், குடும்பத் திட்டமிடல் பற்றி அறிந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கும் உண்டு என்று அந்தச் சமவாயம் சொல்கிறது.

சட்டம் குற்றம் நடந்த பின்னரே வரும். அதற்கு முன் வர வேண்டியது படிப்பினை. பாலியல் கல்வி என்றதும் பிள்ளையைக் கெடுக்கும் விடயம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியவை மிக எளிமையானவை. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது? உடுப்பு மாற்றுவதும் குளிப்பதும் மறைவிடத்தில் செய்ய வேண்டியவை என்று தெரிய வேண்டும். யார் எதற்காகத் தொடலாம், யார் தொடக்கூடாது என்று தெரிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். மாமாவானாலும் அயலவரானாலும், யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக வேண்டும். மாதவிடாய்த் துணி மாற்றுவதைப் படம் வரைந்தும் செய்து காட்டியும், திரும்பத் திரும்பச் சொல்லியும் பழக்கலாம். பல் துலக்கப் பழகிய பிள்ளை இதையும் பழகும். நேரம் மட்டும் கூட எடுக்கும்.

ஆண் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. அவர்களும் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார்கள். எங்கே எது செய்யலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால், தெருவில் அறியாமல் செய்யும் ஒன்றுக்காக அடி வாங்குகிறார்கள்.

ஊரிலுள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். ஏதாவது நடந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களுக்கு அறிவிக்கலாம்.

போர் நம்மிடமிருந்து கேட்காமலே பலவற்றை எடுத்துக்கொண்டது. நம் காணியில் என்ன நடக்கிறது என்று சொல்லப்படாமல் வருடக்கணக்கில் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று கட்டைபறிச்சான் முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். தன் உடலுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லப்படாமல் இருப்பது அதைவிடக் கொடுமை. கெரிக்கும் டோரிஸுக்கும் நடந்தது அதுதான். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது நடக்காமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்.