பேனாவாற் கடன் தீர்த்த பெருமகன்

ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்ற எம் மூத்தோரிற் பலர் ஐவன்ஹோ என்னும் கதையை அறிவர். அதனை ஆக்கிய சேர் வால்டர் ஸ்கொட்டின் பெயரையும் அறிவர். ஆயினும் அவர் எழுதிய கதைகள் அனைத்தினும், அவர்தம் வாழ்வின் இறுதி ஏழாண்டுகளின் கதையே உள்ளத்தை மிக உருக்குவது. எழுத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞரும், பிறர் பணத்தைக் கையாளும் முதியோரும் ஒருங்கே சிந்திக்கத்தக்கது அது.

ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1771ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி ஸ்கொட் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் கண்டு வலக்கால் ஊனமுற்றது. உடல் தேறும்பொருட்டுப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், அங்கே முதியோர் சொல்லிய பழங்கதைகளையும் நாட்டுப் பாடல்களையும் கேட்டு வளர்ந்தான். பிற்காலத்தில் அவர் எழுதியனவற்றுக்கெல்லாம் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது.

தந்தையாரைப் பின்பற்றிச் சட்டம் பயின்று 1792இல் நியாயதுரந்தரரானார். பின்னர் நீதித்துறையில் இரு பதவிகள் கிடைத்தன. அவற்றின் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதும். எழுத்தால் வருவது மேலதிகமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, காலை உணவுக்கு முன்னரே பெரும்பகுதியை எழுதி முடித்துவிடுவார். அதன் பின்பே கடமைக்கும் விருந்தினருக்கும் நேரம் ஒதுக்குவார்.

முதலிற் பாட்டால் அவர் புகழ் பரவியது. மார்மியன் என்னும் காவியம் முற்றுப்பெறு முன்னரே கொன்ஸ்டபிள் என்னும் பதிப்பாளர் அதற்கு ஆயிரம் கினி கொடுத்தார். 1814இல் வேவர்லி என்னும் நாவலைத் தம் பெயரின்றி வெளியிட்டார். அதன்பின் நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாடே வாங்கிப் படித்தது. 1820இல் அரசர் பட்டமும் அளித்தார். ருவீட் நதிக்கரையில் நிலம் வாங்கி, அபொற்ஸ்போர்ட் என்னும் மாளிகையைக் கட்டினார். அடுத்தடுத்து நிலங்களையும் வாங்கிச் சேர்த்தார்.

இங்கேதான் அவர் இழைத்த பிழையையும் மறைக்காது கூறல் வேண்டும். தம் பள்ளித் தோழரான ஜேம்ஸ் பலன்ரைன் என்பவரின் அச்சகத்தில் 1805 முதல் அவர் இரகசியப் பங்காளியாக இருந்தார். நூலுக்குரிய பணம் பெரும்பாலும் காசாக வருவதில்லை. பின்னொரு திகதியிற் பணம் தருவதாக எழுதிய உண்டியல்களாகவே வந்தது. வங்கியில் அவற்றை மாற்றிப் பணம் பெறுவார். இன்னும் எழுதப்படாத, பெயர்தானும் இடப்படாத நூல்களுக்கும் உண்டியல் பெற்றார். அச்சகமும் பதிப்பகமும் ஒன்றின் உண்டியலுக்கு மற்றொன்று பொறுப்பேற்றன. நாளைய உழைப்பை அடகுவைத்து இன்றைய மாளிகை எழுந்தது.

1825இன் இறுதியில் இலண்டன் வர்த்தகத்தில் நெருக்கடி தோன்றியது. 1826 சனவரியில் கொன்ஸ்டபிளின் இலண்டன் முகவர் வீழ்ந்தனர், கொன்ஸ்டபிள் வீழ்ந்தார், பலன்ரைன் அச்சகமும் வீழ்ந்தது. பங்காளி என்ற முறையில் ஸ்கொட்டின் தலைமேல் விழுந்த கடன் ஏறக்குறைய 1,20,000 பவுண். அப்போது அவருக்கு வயது ஐம்பத்துநான்கு.

வங்குரோத்து அடைந்தவராகத் தம்மை அறிவித்து, உள்ளதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கச் சட்டம் வழிவிட்டது. கொன்ஸ்டபிளின் கடன்காரருக்குப் பவுணொன்றுக்கு மூன்று சிலினுந்தானும் முழுமையாகக் கிட்டவில்லை. ஸ்கொட் அவ்வழியை நாடவில்லை. நண்பர்கள் பொருளுதவி செய்ய முன்வந்தனர். அவர் புதல்வியருக்கு இசை கற்பித்த ஆசிரியரொருவர், தாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதையும் தர முன்வந்தார். நன்றியோடு அனைத்தையும் மறுத்தார். தாம் எழுதப்போவன அனைத்தின் ஊதியத்தையும் கடன்காரருக்கென நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். எடின்பரோ வீட்டை விற்றார். வாடகை அறையொன்றிற் குடியிருந்தார்.

அவ்வாண்டு மே மாதம் அவர் மனைவியார் காலமானார். அந்நேரம் ஸ்கொட் அருகில் இல்லை. நோயாளியான மனைவியை அபொற்ஸ்போர்ட்டில் விட்டு, நீதிமன்றக் கடமைக்காக எடின்பரோ சென்றிருந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் மீண்டும் மேசைக்குச் சென்றார். துயரம் நெஞ்சை அழுத்தும்போதும் நாள்தோறும் குறித்த பக்கங்களை எழுதியே ஆகவேண்டிய நிலை. எழுத்து உள்ளத்தின் ஊற்று என்பர். ஊற்று வற்றிய நாளிலும் இறைத்துக் கொடுக்கவேண்டியவனே தொழிலாக எழுதுபவன். அந்நாளைய அவர் நாட்குறிப்பு, துணிவும் சோர்வும் மாறிமாறி வந்ததைக் காட்டுகின்றது.

உட்ஸ்ரொக் என்னும் நாவல் 8,000 பவுணுக்கு மேல் ஈட்டியது. 1827இல் ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த நெப்போலியன் வரலாறு சுமார் 18,000 பவுணைத் தந்தது. வேவர்லி நாவல்களை எழுதியவர் தாமே என்பதையும் அவ்வாண்டு ஒரு விருந்திற் பலரறிய ஒப்புக்கொண்டார். நோயுற்ற தம் பேரனுக்காக ஸ்கொத்லாந்து வரலாற்றையும் கதையாக எழுதினார். இரண்டே ஆண்டுகளிற் கடன்காரருக்கென அவர் ஈட்டியது ஏறத்தாழ 40,000 பவுண். 1829 முதல் அவர் நாவல்கள் புதிய முன்னுரை, குறிப்புகளுடன் மாதமொரு தொகுதியாக வெளிவந்தன. மலிந்த விலையில் வந்தமையால் எளியவரும் வாங்கினர்.

ஆனால் உடல் ஈடுகொடுக்கவில்லை. 1830 பெப்ரவரியிற் பாரிசவாதம் தாக்கியது. ஓய்வெடுக்குமாறு வைத்தியர் வற்புறுத்தியும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், கடன்காரர் ஒன்றுகூடி, அவருடைய நூலகத்தையும் வீட்டுத் தளபாடங்களையும் அவருக்கே நன்கொடையாக அளித்தனர். பணம் கொடுக்க வேண்டியவனுக்குப் பணம் பெற வேண்டியவர்கள் பரிசளிப்பது உலகில் அரிது.

பின் எழுதிய நாவலில் வலுவில்லை எனப் பலன்ரைனும் பதிப்பாளர் கடெலும் கூறினர். தன் ஆற்றல் தன்னைவிட்டு நீங்குவதைத் தானே காண்பதினும் எழுத்தாளனுக்குக் கொடிய துன்பம் வேறில்லை. 1831இல் அரசாங்கம் கொடுத்த போர்க்கப்பலில் மால்ற்றாவுக்கும் நேப்பிள்சுக்கும் சென்றார். மயங்கிய அறிவில், கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதென நம்பி மகிழ்ந்தார். உண்மையில் பெருந்தொகை எஞ்சியிருந்தது.

1832 யூலையில் தம் மாளிகைக்கு மீண்டார். ஒருநாள் தம்மை எழுதுமேசைக்குக் கொண்டுபோகும்படி கேட்டார். மகள் கையிற் பேனாவை வைத்தாள். விரல்கள் அதனைப் பற்றவில்லை; பேனா நழுவித் தாளின்மேல் விழுந்தது. அவர் கண்ணீர் உகுத்தார். செப்டெம்பர் 21ஆந் திகதி உயிர் நீத்தார். ஆயுட்காப்புறுதிப் பணமும் பதிப்பாளர் முற்பணமும் கடனிற் பெரும்பகுதியை அடைத்தன. 1847இல் நூல்களின் பதிப்புரிமையைக் கொடுத்ததோடு எஞ்சியதும் தீர்ந்தது.

எழுதுமுன்னரே பணம் பெற்றுச் செலவிட்டமை அவர் குறை. பெற்ற பணத்துக்கு உயிர் உள்ளவரை எழுதியமை அவர் நிறை. பேனா பிடிக்கும் இளைஞர் இவ்விரண்டையும் ஒருசேர நினைவிற் கொள்வாராக. நூலுக்கு வரும் புகழைக் கைம்முதலாக எண்ணிக் கடன்படாதிருத்தல் அறிவு. பட்ட கடனைத் தீர்த்தல் மானம். ஸ்கொட் முதலாவதைக் காலங்கடந்தே கற்றார். இரண்டாவதை எமக்குக் கற்பித்துச் சென்றார்.