பா ஜின்

பா ஜின் (நவம்பர் 25, 1904 – அக்டோபர் 17, 2005) இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான சீனப் புதின எழுத்தாளர்களுள் ஒருவர். இளமையில் அரசின்மைவாதப் புரட்சியாளராக இருந்த இவர் பின்னர் புதினம், சிறுகதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் எழுதினார். 'குடும்பம்' இவரது மிகவும் அறியப்பட்ட புதினம் ஆகும். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தான் காத்த மௌனத்தைப் பற்றி முதுமையில் வெளிப்படையாக எழுதியமைக்காகவும் இவர் மதிக்கப்படுகிறார்.

இளமைக் காலம்

இவரது இயற்பெயர் லீ யாவோதாங். சிச்சுவான் மாகாணத்தின் செங்டூ நகரில் நிலவுடைமையும் அரசுப் பதவிகளும் கொண்ட கூட்டுக் குடும்பத்தில் பிறந்தார். 1914 இல் தாயையும் 1917 இல் தந்தையையும் இழந்தார். பாட்டனாரின் சொல்லே சட்டமாக இருந்த அவ்வீட்டில், இளையோரின் கல்வியையும் திருமணத்தையும் மூத்தோரே முடிவு செய்தனர்.

பதினைந்து வயதளவில் உருசியச் சிந்தனையாளர் குரோபொட்கினின் நூலொன்றைப் படித்து அரசின்மைவாதத்தில் ஈடுபாடு கொண்டார். எம்மா கோல்ட்மனுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். எசுப்பெராண்டோ மொழியையும் கற்றார். 1923 இல் ஊரைவிட்டு வெளியேறி நாஞ்சிங், ஷாங்காய் நகரங்களில் வாழ்ந்தார்.

பிரான்சில்

1927 இல் பாரிசு சென்றார். அமெரிக்காவில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இத்தாலிய அரசின்மைவாதி வன்செட்டிக்குக் கடிதம் எழுதி, சிறையிலிருந்து பதிலும் பெற்றார். அதே ஆண்டு ஆகத்து மாதம் வன்செட்டி கொல்லப்பட்டது இவரை ஆழமாகப் பாதித்தது. இக்காலத்தில் எழுதிய 'அழிவு' என்னும் முதல் புதினம் 1929 இல் வெளிவந்தபோது பா ஜின் என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். 'பா' என்பது பிரான்சில் அறிமுகமாகி, பின்னர் நீரில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்ட சீன மாணவர் ஒருவரின் குடும்பப் பெயர். 'ஜின்' என்பது குரோபொட்கினின் பெயர் சீனத்தில் எழுதப்படும்போது வரும் கடைசி எழுத்து.

புதினங்கள்

'குடும்பம்' 1931 இல் ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1933 இல் நூலானது. செங்டூவில் வாழும் காவோ குடும்பத்தின் மூன்று சகோதரர்களே இதன் மையம். மூத்தவன் ஜுவேசின் மூத்தோருக்கு அடங்கிப் போய்த் தன் காதலையும் பின்னர் மனைவியையும் இழக்கிறான். இளையவன் ஜுவேஹுய் வீட்டைவிட்டு வெளியேறுகிறான். ஜுவேசின் பாத்திரத்திற்கு முன்மாதிரியாக இருந்தவர் பா ஜினின் மூத்த சகோதரர். தொடர் தொடங்கிய நாட்களிலேயே அவர் தற்கொலை செய்துகொண்டார். அதை அவர் படிக்கவே இல்லை.

'வசந்தம்' (1938), 'இலையுதிர்காலம்' (1940) ஆகியன இதன் தொடர்ச்சிகள். போர்க்கால வறுமையில் சிதையும் ஒரு சிறு குடும்பத்தைச் சித்தரிக்கும் 'குளிர் இரவுகள்' (1947) இவரது சிறந்த படைப்பாகப் பலராலும் கருதப்படுகிறது. 1944 இல் சியாவோ ஷானை மணந்தார்.

1949 இற்குப் பின்னர்

மக்கள் சீனக் குடியரசில் இவருக்கு உயர்ந்த இடம் கிடைத்தது. ஆயினும் பொதுவுடைமைக் கட்சியில் இவர் சேரவில்லை. தன் பழைய நூல்களின் புதிய பதிப்புகளிலிருந்து அரசின்மைவாதக் குறிப்புகளை நீக்கினார். 1955 இல் இலக்கியத் திறனாய்வாளர் ஹூ ஃபெங் வேட்டையாடப்பட்டபோது, அவரைத் தாக்கி எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

1966 இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் இவரே இலக்கானார். 1968 இல் ஷாங்காய் அரங்கு ஒன்றில் மக்கள் முன் நிறுத்தப்பட்டு இழிவுபடுத்தப்பட்டார்; அந்நிகழ்வு தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பப்பட்டது. பின்னர் உடலுழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். குடல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட மனைவிக்கு, பா ஜினின் மனைவி என்பதாலேயே உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை. இறப்பதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னரே மருத்துவமனையில் இடம் கிடைத்தது. 1972 ஆகத்து 13 அன்று அவர் காலமானார். அவரது சாம்பலைப் பா ஜின் தன் படுக்கையறையில் வைத்திருந்தார்.

எண்ணச் சிதறல்கள்

1977 இல் இவரது நற்பெயர் மீட்கப்பட்டது. 1978 முதல் 1986 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் 150 கட்டுரைகள் எழுதினார். இவை 'எண்ணச் சிதறல்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. பிறரைக் குற்றஞ்சாட்டுவதைவிட, அச்சத்தால் தான் பொய்யை ஏற்றுக்கொண்டதையே இவற்றில் அதிகம் ஆராய்ந்தார். இறுதிக் கட்டுரை ஹூ ஃபெங்கைப் பற்றியது. முன்பு தான் எழுதியதற்கு அதில் வருத்தம் தெரிவித்தார். மூத்தோருக்கு அடங்கிப்போன ஜுவேசினைக் கண்டித்த எழுத்தாளர், தன்னிடமும் அதே அடக்கம் இருந்ததை இக்கட்டுரைகளில் ஒப்புக்கொண்டார். பண்பாட்டுப் புரட்சிக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று 1986 இல் கோரினார். அரசு அதை நிறைவேற்றவில்லை. ஆனால் இவரது முயற்சியால் 1985 இல் பெய்ஜிங்கில் சீன நவீன இலக்கிய அருங்காட்சியகம் உருவானது.

இறுதிக் காலம்

1980களில் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டார். பேனாவைப் பிடிப்பதே கடினமாயிற்று. இறுதி ஆண்டுகளை மருத்துவமனையிலேயே கழித்தார். சீன எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக இறக்கும்வரை நீடித்தார். 2005 அக்டோபர் 17 அன்று ஷாங்காயில் தனது நூறாவது வயதில் காலமானார். அவ்வாண்டு நவம்பர் 25 அன்று, அவரது பிறந்த நாளில், கணவன் மனைவி இருவரின் சாம்பலும் ஒன்றாகக் கலந்து கிழக்குச் சீனக் கடலில் கரைக்கப்பட்டன. ஷாங்காயில் இவர் வாழ்ந்த வீடு 2011 இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.