எஜமானுக்கு வயது 29. வித்வானுக்கு வயது 63!

பேரன் வயதுப் பிள்ளை எஜமானாக வந்தால் எப்படி இருக்கும்? அதுவும் உலகமே புகழும் ஒரு கலைஞருக்கு?

இந்தச் சோதனை ஐரோப்பாவின் சங்கீத மேதை ஒருவருக்கு வந்தது. அவர் பெயர் ஜோசப் ஹைடன்.

தச்சர் மகன்

ஆஸ்திரியா நாட்டில் ரோராவ் என்று ஒரு கிராமம். 1732-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஹைடன் அங்கே பிறந்தார். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார் ஒரு பிரபு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர்.

பையனுக்கு இனிமையான குரல். வியன்னா நகரத்துப் பெரிய தேவாலயத்தில் பாடச் சேர்த்தார்கள். வயது ஏறியது. குரல் உடைந்தது. வேலையும் போயிற்று.

கையில் காசு இல்லை. பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்து ஹைடன் வயிறு வளர்த்தார். இரவும் பகலும் தாமாகவே படித்தார்.

1761-ல் எஸ்டர்ஹாசி அரண்மனையில் வேலை கிடைத்தது. ஹங்கேரியில் ஏராளமான நிலம் படைத்த பிரபுக் குடும்பம் அது. ஐசன்ஸ்டாட் என்ற ஊரில் அவர்கள் மாளிகை இருந்தது.

வெள்ளைக் காலுறை

வேலைக்கு எழுதிய ஒப்பந்தம் கடுமையானது. அரண்மனை உடுப்புதான் அணிய வேண்டும். காலுறை வெள்ளையாக இருக்க வேண்டும். தினமும் வாசல் அறையில் காத்திருந்து, இன்று கச்சேரி உண்டா என்று கேட்க வேண்டும். அவர் இயற்றும் இசை பிரபுவுக்கே சொந்தம்.

ஹைடன் எல்லாவற்றுக்கும் ஒப்புக் கொண்டார். ஆனால் அவர் ஊமை அல்ல.

1772-ல் நடந்தது இது. கோடை மாளிகையில் பிரபு நிக்கலஸ் நெடுநாள் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்கள் பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து வாடினார்கள். ஹைடன் ஒரு புதிய இசை அமைத்தார். அதன் முடிவில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள்! பிரபு புரிந்துகொண்டார். எல்லாரும் வீடு திரும்ப உத்தரவு கிடைத்தது.

லண்டனில் புகழ்

1790-ல் நிக்கலஸ் காலமானார். மகன் ஆன்டனுக்குச் சங்கீதத்தில் நாட்டம் இல்லை. வாத்தியக் கோஷ்டியைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்குப் பதவிப் பெயரும் பென்ஷனும் மட்டும் மிஞ்சின.

ஹைடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ராஜ மரியாதை! 1791-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. இரண்டு முறை போய், பணமும் புகழும் சேர்த்தார்.

1794-ல் ஆன்டனும் இறந்தார். அவர் மகன் பட்டத்துக்கு வந்தார். அவர் பெயரும் நிக்கலஸ்தான். பழைய பிரபுவின் பேரன். ஹைடன் அரண்மனையில் சேர்ந்து நாலு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை!

வாத்தியக் கோஷ்டியை மறுபடியும் அமைக்க அவர் விரும்பினார். 1795-ல் ஹைடன் திரும்பி வந்தார்.

"அவன்" என்ற சொல்

அந்தக் காலத்து ஜெர்மன் மொழியில் வேலைக்காரரை நேரில் பார்த்தே "அவன்" என்று பேசுவது பெரிய வீட்டு வழக்கம். இளம் பிரபு ஹைடனையும் அப்படியே அழைத்தார் என்று சொல்வார்கள். டாக்டர் பட்டம் பெற்ற முதியவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஹைடன் சண்டை போடவில்லை. வேலையை உதறவும் இல்லை. தமக்குரிய மரியாதையைப் பணிவோடு கேட்டார். பிரபுவின் மனைவி மரியா அவருக்காகப் பரிந்து பேசினார். அதன்பின் மரியாதையான அழைப்பு வந்தது.

இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். ஒத்திகையின்போது பிரபு குறுக்கிட்டுக் குறை சொன்னாராம். அதைக் கவனிப்பது தம்முடைய வேலை என்று ஹைடன் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம்.

குறையாத உழைப்பு

புதிய எஜமான் கேட்டது ஒன்றுதான். மனைவியின் பெயர்த் திருநாளுக்கு ஆண்டுதோறும் ஒரு பாடற்பூசைக்கு இசை அமைக்க வேண்டும்.

கேட்டவர் சின்னவர்தானே என்று ஹைடன் ஏனோதானோவென்று எழுதிக் கொடுக்கவில்லை. 1796 முதல் 1802 வரை ஆறு இசைகள் அமைத்தார். ஆறும் இன்றும் பாடப்படுகின்றன.

கோடை மாதங்களில் மட்டுமே ஐசன்ஸ்டாட்டில் வேலை. மற்ற நாட்களில் வியன்னாவில் இருந்தார். அப்படிக் கிடைத்த ஓய்வில்தான், உலகம் படைக்கப்பட்ட கதையைச் சொல்லும் பெரிய இசைக் காவியத்தை 1798-ல் அரங்கேற்றினார். அப்போது அவருக்கு வயது 66!

சால்வை

1802-க்குப் பிறகு உடல் தளர்ந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. பிரபு அவரைக் கைவிடவில்லை. 1806-ல் வருஷத்துக்கு 600 குல்டன் நாணயம் கூட்டிக் கொடுத்தார்.

1808-ல் வியன்னா சர்வகலாசாலை மண்டபத்தில் ஹைடனின் படைப்புக் காவியம் பாடப்பட்டது. அவரை அழைத்துவரப் பிரபுவின் வண்டி போயிற்று. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முதியவருக்குக் குளிரக் கூடாதே என்று பிரபுவின் மனைவி தம் சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

மறு வருஷம், 1809 மே 31-ல், ஹைடன் கண்மூடினார். வியன்னா அப்போது நெப்போலியன் படையின் பிடியில் இருந்தது.

1820-ல் பிரபு நிக்கலஸ் அவர் உடலை ஐசன்ஸ்டாட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். ஹைடனின் கடைசிப் பாடற்பூசை முதன் முதலில் ஒலித்த அதே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்.

ஒரு காலத்தில் "அவன்" என்று அழைத்தவர்தான் இந்த மரியாதையையும் செய்தார்.