தவளைக் காலில் தொடங்கிய நரம்பு டெஸ்ட்: யார் இந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ்?

ராத்திரியில் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போய் தூக்கம் கலையுதா? டாக்டர் எழுதித் தரும் 'நர்வ் கண்டக்‌ஷன்' டெஸ்டுக்கு வழிபோட்டவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1821-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பிறந்தார். இயற்பியல் படிக்க ஆசை, வீட்டில் காசில்லை. ராணுவ டாக்டராகப் பணிபுரியும் நிபந்தனையில் மருத்துவம் படித்தார்.

நரம்புச் சமிக்ஞையின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லரே நினைத்த காலம் அது. 1850-ல் இவர் தவளை நரம்பை இரண்டு இடங்களில் மின்சாரத்தால் தூண்டி, தசை துடிக்க ஆகும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டார். நொடிக்கு சுமார் 27 மீட்டர்! மின்னல் வேகமெல்லாம் இல்லீங்க, நம்ம எக்ஸ்பிரஸ் ரயில் வேகம்தான். அளவீடுகளில் மனைவி ஓல்காவும் உதவினார்.

1867-ல் பாக்ஸ்டுடன் சேர்ந்து மனிதக் கையின் மீடியன் நரம்பையே அளந்தார். உங்கள் மணிக்கட்டில் நசுங்குவதும் அதே நரம்புதான். நசுங்கிய இடத்தில் சமிக்ஞை மெதுவாகும். டெஸ்ட் தேடுவது அந்தத் தாமதத்தை. ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் கட்டைவிரல் தசை மெலியலாம்.