ஹீலா என்பது ஒரு பெண்ணின் பெயர்

ஆர்கன்-ஆன்-எ-சிப் பத்தி நம்மில் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்போம். பென் டிரைவ் அளவுக்கு ஒரு பாலிமர் துண்டு, உள்ளே முடி போல மெல்லிய சேனல்கள், அதில் உயிருள்ள மனித செல்கள். மூச்சு விடுற மாதிரி விரிந்து சுருங்கும் நுரையீரல் சிப்பை ஹார்வர்டின் வைஸ் இன்ஸ்டிட்யூட் 2010-ல் காட்டியது. புது மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன்னாடி இதில் டெஸ்ட் பண்ணலாம். நாம சேனல் டிசைன் பத்தியே பேசுறோம். அந்த செல்கள் யாரோடது?

அந்தக் கேள்வியைக் கேட்டாலே முதலில் வரும் பெயர் ஹென்ரியெட்டா லாக்ஸ்.

1920-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். நாலு வயசில் அம்மா இறந்துட்டாங்க. தாத்தா வீட்டில் வளர்ந்து, புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். கல்யாணத்துக்கு அப்புறம் பால்டிமோர் பக்கம் குடிவந்தார். அஞ்சு குழந்தைகள். கடைசிக் குழந்தை பிறந்த சில மாதங்களில், 1951 ஜனவரியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பின மக்களுக்குத் தனி வார்டு இருந்த காலம் அது. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

ரேடியம் சிகிச்சை நடந்தபோது கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. கேட்கணும்னு அப்போ சட்டமும் இல்லை. துண்டு ஜார்ஜ் கை என்பவரின் லேபுக்குப் போனது. அதுவரை அங்கே வந்த மனித செல்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும். இவருடையது மட்டும் கிட்டத்தட்ட ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானது, நிற்கவே இல்லை. பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று வைத்தார்கள்.

1951 அக்டோபர் 4-ல் ஹென்ரியெட்டா இறந்தார். வயசு 31. கல்லறையில் பெயர்க்கல் கூட இல்லை.

செல்கள் மட்டும் வளர்ந்துகிட்டே இருந்தன. போலியோ தடுப்பூசி சோதனைக்கு உதவின, விண்வெளிக்கும் போயின, உலகம் முழுக்க லேப்களில் விற்பனையாயின. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்ததே 1970-களில், ஆய்வாளர்கள் ரத்த மாதிரி கேட்டு வந்தபோதுதான். 2010-ல்தான் கல்லறைக்குக் கல் வந்தது. 2013-ல் அவருடைய ஜீனோமை குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, அந்தத் தகவலை யார் பயன்படுத்தலாம்னு முடிவு செய்யும் குழுவில் குடும்பத்துக்கும் இடம் கிடைத்தது.

மனித செல்லை லேபில் விடாமல் வளர்க்கலாம் என்று காட்டியது ஹீலா. இன்றைய சிப்களும் அந்த வழியில் வந்தவைதான். விலங்குகளைக் காப்பாத்தும் டெக்னாலஜின்னு நாம பெருமைப்படுறோம், சரிதான். ஆனா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் செல் லைன் பெயரை எழுதும்போது, கொடுத்தவரிடம் கேட்டாங்களான்னும் ஒரு வரி தேடிப் பார்ப்போம்.