தீவகம் தந்த நூலன்பர்



சாட்டிக் கடற்கரையில் கோயில் கொண்டிருக்கும் சிந்தாத்திரை அன்னையை நீங்கள் அறிவீர்கள். கடற்பயணம் நலமாய் முடிய வேண்டுமென்று தீவக மக்கள் அந்த அன்னையை நாடி வருவது வழிவழி வந்த வழக்கம். அந்தத் தீவிலேயே, ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில், 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த ஒருவர், நூல்களையே தோணியாகக் கொண்டு உலகை வலம் வந்தார். அவரே தனிநாயகம் அடிகளார். அவருடைய வாழ்வை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் அவர் கற்றார். அக்காலத்தில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. கொழும்புக் குருமடத்தில் பயின்றபின் 1934இல் உரோமை நகர் சென்ற அவர், 1938இல் குருவாக அருட்பொழிவு பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசம் எனப் பல மொழிகளின் வாயில்கள் அவருக்குத் திறந்தன. ஆனால் ஒரு வாயில் மட்டும் ஏறக்குறைய மூடியே கிடந்தது. அது அவருடைய தாய்மொழி இலக்கியத்தின் வாயில்.

1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், புனித தெரேசா பள்ளியில் பணியாற்ற வந்தபோது அவருக்கு வயது 27. உரோமையில் கற்றுத் தேர்ந்த குரு. பிறருக்குக் கற்பிக்கும் நிலையில் உள்ளவர். தமக்குத் தமிழ் போதாது என்பதை மறைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராய் அமர்ந்து தமிழ் இலக்கியம் பயின்றார். கத்தோலிக்கக் குரு ஒருவர் இந்துப் பண்டிதரிடம் பாடம் கேட்டதை எண்ணிப் பாருங்கள். அறிவு இறைவனின் கொடை என்று நம்புபவருக்கு, அதை யாரிடமிருந்து பெறுவதிலும் தாழ்வு இல்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று மீண்டும் மாணவரானார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை அங்கே ஆராய்ந்தார்.

தாம் கற்றதைத் தமக்குள் பூட்டி வைக்கவும் அவர் விரும்பவில்லை. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி, தமிழின் சிறப்பைப் பிற நாட்டு அறிஞர்க்கு உணர்த்தினார். ஐரோப்பிய நூலகங்களில் தமிழரின் கண்ணில் படாது கிடந்த பழைய நூல்களைத் தேடினார். தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் தாங்கி 1554இல் லிஸ்பனில் அச்சேறிய சிறுநூலைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அந்தாம் தெ புரோயன்சா அடிகளார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டில், அதே நகரில், முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அவருடைய பெருமுயற்சியால் கூடியது. 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அதற்கு ஒன்பது மாதங்களின் பின், 1981 மே 31ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரியின் அதிபராய் விளங்கிய லோங் அடிகளார் உள்ளிட்ட பலர் பாடுபட்டு எழுப்பிய நூலகம் அது. தாளில் எழுதியது தீயில் அழியலாம். ஆயினும் ஒருவர் படித்து, உள்ளத்தில் ஏற்று, பலருக்கும் பகிர்ந்தளித்த நூல் எளிதில் அழிவதில்லை. பழைய நூல்களைத் தேடி மறுபடி அச்சேற்றுவது எத்துணை பெரிய தொண்டு என்பதை அந்தத் தீ நமக்கு உணர்த்திற்று.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கொழும்பிலோ, கனடாவிலோ, பிரான்சிலோ கற்கலாம். வேற்று மொழியில் அவர்கள் சிறந்து விளங்குவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் தமிழ் கற்கும் வயது கடந்துவிட்டது என்று அவர்களைக் கைவிடாதீர்கள். 27 வயதில் தொடங்கிய அடிகளார் நம் கண்முன் நிற்கிறார். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் உவமையை நாம் ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். திறவாத நூலும் புதைத்த தாலந்தே அன்றோ! இன்று இரவு குடும்பச் செபம் முடிந்தபின், பிள்ளையை அருகில் இருத்தி ஒரு தமிழ் நூலின் ஒரு பக்கத்தையேனும் உரக்க வாசியுங்கள். நாளை அந்தப் பிள்ளை உங்களுக்கு வாசிக்கட்டும்.

சிந்தாத்திரை அன்னையே, நூல் வழியே அறிவைத் தேடிப் புறப்படும் எம் பிள்ளைகளின் பயணத்திற்கும் துணை நின்றருளும். ஆமென்.