உரம் தந்த கையே விஷப்புகை தந்தது!

வயலுக்கு யூரியா உரம் போடுகிறோம். அந்த உரத்துக்கு வழி கண்டவர் ஒரு விஞ்ஞானி.

போர்க்களத்தில் ஆளைக் கொல்லும் விஷப்புகையைப் பெரிய அளவில் முதன்முதலாகத் திறந்துவிட்டவரும் அதே விஞ்ஞானிதான்!

அவர் பெயர் பிரிட்ஸ் ஹேபர். ஜெர்மனி நாட்டுக்காரர். உலகம் வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்த ஆயுதத்தை அவர் கையில் எடுத்தார். அதற்கு நியாயமும் சொன்னார்கள். அந்த நியாயம் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

சாய வியாபாரி மகன்

1868-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, பிரெஸ்லா நகரில் ஹேபர் பிறந்தார். இப்போது அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.

யூதக் குடும்பம். தந்தை சாய வியாபாரி. குழந்தை பிறந்த மூன்றே வாரத்தில் தாய் இறந்துபோனார்.

ஹேபர் ரசாயனம் படித்தார். 1892-ல் கிறிஸ்தவ மதத்துக்கு மாறினார். ஜெர்மனியை உயிருக்கு உயிராக நேசித்தார்.

1901-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். கிளாராவும் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பிரெஸ்லா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். 1902-ல் ஒரு மகன் பிறந்தான்.

காற்றில் இருந்து உரம்

பயிர் வளர நைட்ரஜன் சத்து வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக உப்பு உரம் வந்தது. அது ஒரு நாள் தீர்ந்துவிடுமே என்று உலகம் கவலைப்பட்டது.

ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும், ஹைட்ரஜனையும் சேர்த்தார். கடும் சூடு, கடும் அழுத்தம். 1909-ல் அம்மோனியா சொட்டுச் சொட்டாக வந்தது!

கார்ல் பாஷ் என்ற நிபுணர் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கினார். 1913-ல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உண்ணும் உணவுக்கு இந்த முறையில் செய்த உரமே துணை.

தடுத்த ஆயுதம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஹேபர் தம் ஆராய்ச்சிக் கூடத்தையே ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1899-ம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பல நாடுகள் கூடிப் பேசின. மூச்சுத் திணற வைக்கும் வாயுவைப் பரப்பும் குண்டுகளை வீசமாட்டோம் என்று உறுதி சொல்லின. விஷத்தைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்ற விதியை 1907-ல் மீண்டும் உறுதி செய்தன. ஜெர்மனியும் இவற்றை ஏற்றுக்கொண்ட நாடுதான்.

ஆனால் ஹேபர் குளோரின் வாயுவைத் தேர்ந்தெடுத்தார். பச்சை கலந்த மஞ்சள் நிறம். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து பதுங்கு குழிக்குள் இறங்கிவிடும்.

1915 ஏப்ரல் 22-ந் தேதி, மாலை நேரம். பெல்ஜியம் நாட்டில் ஈப்ர் என்ற ஊர். காற்று எதிரியின் பக்கம் வீசியது. 5,000-க்கு மேற்பட்ட இரும்பு உருளைகள் திறக்கப்பட்டன. 150 டன்னுக்கு மேல் குளோரின் வெளியேறியது.

எதிரே இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய சிப்பாய்கள் மூச்சு முட்டி விழுந்தார்கள். மற்றவர்கள் கண் எரிய, நெஞ்சு எரிய ஓடினார்கள். சில நாட்களில் அங்கே அனுப்பப்பட்ட இந்திய சிப்பாய்களும் விஷப்புகையில் சிக்கினார்கள்.

சொன்ன நியாயம்

ஒப்பந்தம் தடுப்பது குண்டை மட்டுமே. நாங்கள் குண்டு வீசவில்லை, உருளையைத்தான் திறந்தோம் என்று ஜெர்மனி தரப்பில் வாதாடினார்கள். பிரெஞ்சுக்காரர்கள்தான் முதலில் கண்ணீர்ப்புகை வீசினார்கள் என்றும் சொன்னார்கள். போர் சீக்கிரம் முடியும், அதனால் பல உயிர் பிழைக்கும் என்பது ஹேபரின் நம்பிக்கை.

நடந்தது வேறு. ஐந்தே மாதத்தில், செப்டம்பர் 25-ந் தேதி, பிரிட்டிஷ் படையும் விஷவாயுவைத் திறந்தது. முதலில் செய்தது ஜெர்மனி என்று அவர்களும் நியாயம் சொன்னார்கள்.

போர் சீக்கிரம் முடியவில்லை. 1918 நவம்பர் வரை நீண்டது. விஷவாயுவால் மாண்டவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

வீட்டில் விழுந்த இடி

ஈப்ர் தாக்குதலுக்குப் பிறகு ஹேபருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. அவர் வீடு திரும்பியிருந்தார்.

மே 2-ந் தேதி விடியுமுன் கிளாரா, கணவரின் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். கணவரின் விஷவாயு வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நண்பர்கள் பின்னாளில் சொன்னார்கள். தாய் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன், 13 வயது நிரம்பாத மகன்.

ஹேபர் வீட்டில் தங்கவில்லை. உடனே கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டுவிட்டார்.

பரிசும் பழியும்

அம்மோனியா கண்டுபிடிப்புக்காக 1918-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விஷவாயு மனிதருக்குப் பரிசா என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கொதித்தார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை வேலையைவிட்டு நீக்கச் சொன்னார்கள். போரில் பணி செய்தவர் என்பதால் ஹேபர் பதவியில் நீடித்திருக்கலாம். ஆனால் தம்மிடம் வேலை பார்த்த யூதர்களை நீக்க மனம் இல்லாமல் ராஜினாமா செய்தார்.

எந்த நாட்டுக்காக எல்லாம் செய்தாரோ, அந்த நாடே அவரைக் கைவிட்டது. 1934 ஜனவரி 29-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் இறந்தார்.

அவர் ஆராய்ச்சிக் கூடத்தில் பூச்சிகளைக் கொல்ல ஒரு விஷ மருந்து செய்திருந்தார்கள். அதன் வழிவந்த வாயுவால் நாஜிகள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றார்கள். நாஜி முகாம்களில் மாண்டவர்களில் ஹேபரின் உறவினர்களும் உண்டு.

ஆதாரம் எங்கே?

1925-ல் ஜெனீவாவில் விஷவாயுப் போருக்குத் தடை போட்டார்கள். 1993-ல், அதைச் செய்வதும் வைத்திருப்பதும்கூடக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நியாயம் தலைகீழாக மாறியது. 2003-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படை எடுத்தன. தடை செய்த ஆயுதங்களை ஈராக் ஒளித்து வைத்திருக்கிறது என்பதே முக்கிய காரணம் என்றார்கள்.

1988-ல் ஈராக் விஷவாயு வீசி, ஹலாப்ஜா ஊரில் ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது உண்மை. ஆனால் 2003-ல் போர் நடத்திவிட்டுத் தேடியபோது, சொன்ன ஆயுதக் குவியல் அங்கே இல்லை. 1991-க்கு முந்தைய பழைய குண்டுகளே கிடைத்தன. அதற்குள் பல்லாயிரம் உயிர் போய்விட்டது.

அன்று, எதிரி செய்துவிட்டான் என்று சொல்லித் தடுத்த ஆயுதத்தை எடுத்தார்கள். பின்னர், எதிரி வைத்திருக்கிறான் என்று சொல்லிப் போரையே தொடங்கினார்கள்.

அப்படிப்பட்ட பேச்சு எழும்போது, ஆதாரம் எங்கே என்று முதலில் கேட்க வேண்டும். போன உயிர் திரும்பி வராது!